பழைய பங்களாக் கதவுக்குப் பூட்டும் குமிழும் தேர்ந்தெடுப்பது எப்படி?

“அண்ணே, அந்தக் காலத்துத் துரை பங்களா மாதிரி இருக்க வேண்டும். பித்தளையில் நல்லதாக எடுத்துக் காட்டுங்கள்.” பண்டாரவளையில் எங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு வந்து இப்படிக் கேட்பவர்களுக்கு நான் உடனே எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. கதவின் முகத்தையும் விளிம்பையும் நிலையையும் தனித்தனியாகப் படம் பிடித்து வரச் சொல்வேன். முன்பு அங்கே என்ன பூட்டு இருந்தது என்பதைக் கதவில் உள்ள தடங்களே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்காமல் படம் பார்த்து வாங்கிய சாமான் எவ்வளவு விலையானாலும் அந்தக் கதவில் ஒட்டாது.

மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கதவோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பத்துப் பூச்சு பெயின்டுக்கு அடியிலும் பழைய தகட்டின் ஓரம் வரிவரியாகத் தெரியும். உட்பக்கத்தில் நீள்சதுரமாகப் பெரிய தடம் இருந்தால், அங்கே இருந்தது கதவின் மேலேயே பெட்டியாக அமரும் பூட்டு. விளிம்பில் மரத்துண்டு வைத்து அடைத்த பள்ளம் தெரிந்தால், உள்ளே குடைந்து செருகும் பூட்டு. நிலையையும் விரலால் தடவிப் பாருங்கள். பூட்டிலிருந்து நீளும் நாக்கு போய் விழுந்த இடம் அங்கே தேய்ந்திருக்கும்.

அடுத்தது காலம். மலைநாட்டு வீட்டுக்கு ‘டச்சுக்காரர் காலத்துச் சாமான்’ என்று அலங்காரத் தகடு வைத்த பெரிய கீல்களைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். டச்சுக்காரர், அதாவது ஒல்லாந்தர், 1658 முதல் 1796 வரை ஆண்டது கரையோரத்தை. கண்டி இராச்சியம் 1815 வரை அவர்கள் கைக்கும் போகவில்லை, வேறு எவர் கைக்கும் போகவில்லை. கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை வைத்தது 1867இல். ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். ஆகவே நம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட பங்களாவுக்கும் கிளாக்கர் வீட்டுக்கும் பொருந்துவது விக்டோரியா காலத்துக் கடைசியும் அதற்குப் பிந்திய சில பத்தாண்டுகளும்தான். அப்படியென்றால் வரி போட்ட பித்தளைக் குமிழ், வெள்ளை அல்லது கறுப்புப் பீங்கான் குமிழ், கடைந்த கருமரக் குமிழ். 1920, 30களில் கட்டிய வீடு என்றால் பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக் கைப்பிடியும் சரியே; அது 1907இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கு முந்திய வீட்டில் போட்டால் பொய்யாகத் தெரியும்.

வீடு முழுவதும் ஒரே குமிழ் போடாதீர்கள். அந்த வீடுகளில் முன் அறைக்குப் பித்தளை, சமையற்கட்டுக்கும் பின்பக்கத்துக்கும் இரும்பு அல்லது மரம் என்று வேறுபாடு இருந்தது. அதைப் பின்பற்றினால் காசும் மிஞ்சும், வீடும் இயல்பாக இருக்கும்.

இனி அளவு. நான் அதிகமாக மன்றாடுவது இதற்குத்தான். விளிம்பிலிருந்து குமிழின் நடுப்புள்ளி வரை எவ்வளவு என்று பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் குடைந்து செருகும் பூட்டில் இது 44 மில்லிமீட்டர் அல்லது 57 மில்லிமீட்டர். 44இல் குமிழ் போட்டால் திருப்புகிற ஒவ்வொரு முறையும் விரல் முட்டி நிலையில் உரசும். குமிழ் வேண்டுமென்றால் 57க்குக் குறையாதீர்கள். 44தான் இருக்கிறது என்றால் நீளக் கைப்பிடி வாங்குங்கள். குளிரில் மூட்டு வலி வருகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தாலும் அதுவே நல்லது. பழமைக்காக ஓர் அம்மாவின் கை நோகக் கூடாது.

கதவின் கனத்தையும் அளந்துவிடுங்கள். 35 மில்லிமீட்டர் கதவைக் குடைந்தால் பூட்டின் இருபுறமும் தகடு போல மரம் மிஞ்சும். நான்கு பலகைக் கதவில் பூட்டு வருகிற நடுச்சட்டத்தின் நுனியில்தான் கழுந்து, அதாவது பக்கச் சட்டத்துக்குள் செருகும் முனை, இருக்கிறது. அங்கே குடைந்தால் சட்டங்கள் சேரும் இணைப்பையே அறுத்துவிடுகிறோம். அத்தகைய கதவுக்குப் பெட்டிப் பூட்டுதான் மரியாதை. பெட்டிப் பூட்டுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வகை உண்டு. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று சொல்லி வாங்குங்கள். அதற்கான குமிழ் ஜோடியும் வேறு. வட்டத் தகடு ஒரு பக்கத்துக்கு மட்டும் வரும், மறுபக்கக் குமிழ் பெட்டியின் மேலேயே உட்காரும்.

பித்தளைதானா என்று பார்க்க எல்லோரும் காந்தம் கொண்டுவருகிறார்கள். காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, சந்தேகமில்லை. ஆனால் துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. பின்பக்கத்தில் ஓர் ஊசியால் கீறிப் பாருங்கள்: மஞ்சள் மேலோடு போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மேலே வார்னிஷ் பூசியதையும் நான் விரும்புவதில்லை. ஒரு கீறல் விழுந்தால் நம் மூடுபனியின் ஈரம் அதற்குள் புகுந்து கறை பரவும். பூச்சில்லாத பித்தளை கைபட்டுக் கைபட்டு நிறம் கொள்ளட்டும்.

பழைய சாமான் கடையில் பெயின்ட் மூடிய தகடு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இனிச் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில் சவர்க்காரத் தூள் கலந்த நீரில் மெல்லிய சூட்டில் ஊற வையுங்கள். பெயின்ட் தோலாக எழும்பி வரும். மூங்கில் குச்சியால் வழித்தால் போதும். மரக் குமிழையும் பேக்கலைட்டையும் பீங்கானையும் மட்டும் அந்தச் சட்டியில் போடாதீர்கள். குமிழ்களுக்கு நடுவே போகும் சதுரக் கம்பி புதிய பூட்டின் துளையில் ஆடினால் மெல்லிய தகட்டு உறை போட்டு இறுக்கலாம். பழைய குமிழுக்குள் ஸ்பிரிங் கிடையாது. எனவே பூட்டின் ஸ்பிரிங் பலமாக இருக்க வேண்டும்.

திருகாணியைத் தச்சு பாஸ் கையில் விட்டுவிடாதீர்கள், கூடவே வாங்கிக் கொடுங்கள். ஒற்றைக் கோடு வெட்டிய பித்தளைத் திருகாணியே வேண்டும். கூட்டல் குறி போல வெட்டிய ஸ்டார் தலை 1930களில் வந்தது. விக்டோரியா காலத்துத் தகட்டில் அது கண்ணை உறுத்தும். இரும்பு போட்டால் ஈரத்தில் துரு வடிந்து மரத்தில் கறுப்புக் கோடு இறங்கும். பித்தளைத் திருகாணி மென்மையானது, பலா, தேக்கில் நேராக முறுக்கினால் தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை ஒரு தடவை ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள்.

எல்லாக் கதவுக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒரு கதவுக்குப் பொருத்தி ஒரு மழைக்காலம் பாருங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை. ஊவாவில் எங்களுக்கு வடகீழ் பருவமழை. கதவு எவ்வளவு ஊதுகிறது, நாக்கு நிலையில் எங்கே போய் இடிக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, நிலைத் தகட்டுப் பள்ளத்தை அதற்கேற்ப வெட்டச் சொல்லுங்கள். மீதிக் கதவுகளுக்கு அந்த அளவோடு வாருங்கள், எடுத்துத் தருகிறேன்.