பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கிப் பொருத்துவது?

அழுத்தமும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் கணக்குகளில் எல்லா அளவுகளையும் முதலிலேயே நியூட்டனுக்கும் மில்லிமீட்டருக்கும் மாற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 10 பார் அழுத்தம் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன். 20 மி.மீ. விட்டமுள்ள துளையை மூடும் பாதுகாப்பு வால்வு 10 பாரில் திறக்க வேண்டுமானால், 314 சதுர மி.மீ. பரப்பின் மீது 314 நியூட்டன் விசை செயல்படுவதால், மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள (அதாவது ஒரு மி.மீ. அமுக்க 25 நியூட்டன் தேவைப்படும்) ஸ்பிரிங்கை ஏறத்தாழ 12.6 மி.மீ. அமுக்கிப் பொருத்த வேண்டும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வால்வு 2 மி.மீ. உயர மேலும் 50 நியூட்டன் தேவைப்படுவதால், அதே பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் அழுத்தம் 11.6 பாரைத் தொடும். விறைப்பு 10 மட்டுமே உள்ள ஸ்பிரிங்கை 31.4 மி.மீ. அமுக்கி வைத்தால், அதே 2 மி.மீ. உயர்வுக்கு அழுத்தம் 10.6 பாரளவில் நின்றுவிடும். இடமிருந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன், வால்வு முழுதும் உயர்ந்த நிலையிலும் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விறைப்பைக் கணக்கிட வேண்டிய பழைய ஸ்பிரிங்காக இருந்தால், பெயிண்டைச் சுரண்டிய பிறகே கம்பியை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 3.8 மி.மீ. கம்பியைப் பெயிண்டோடு சேர்த்து 4 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், கணக்கில் வரும் விறைப்பு உண்மையைவிடச் சுமார் 23 சதவீதம் கூடிவிடும்.