மேட்டுப்பாத்தி செட் வாங்கியாச்சா? கண்டதையும் உள்ளே கொட்டாதீர்கள்

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் இப்போது மேட்டுப்பாத்தி சீசன், அதாவது தரைமேல் பெட்டி பூட்டி மண் நிரப்பிச் செடி வளர்ப்பது. ஷோப்பியில் ஆர்டர் போட்டால் போதும், தகரப் பலகைகள் அட்டைப்பெட்டியில் வாசலுக்கே வந்து இறங்குகின்றன. எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் கொல்லையில் விதையை வீசினாலே கத்தரி காய்த்தது. தாமானுக்குக் குடிவந்த பிறகு பின்பக்கம் பத்தடி நிலம்தான் மிச்சம். அதிலும் வீடு கட்டியவர்கள் விட்டுப்போன செம்மண்ணும் உடைந்த செங்கல்லும்தான் பாதி. ஆகவே பெட்டி வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். வாங்கிய பிறகு நடக்கும் கூத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஆரம்பத்தில் நான் செய்த கோளாறுகளையே வீட்டுக்கு வீடு வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

வெயில் படும் இடத்தில் வையுங்கள், தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே தேடாதீர்கள். அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நட்டை முதலிலேயே இறுக்குவது

நாலு பக்கமும் சேர்ந்து வளையம் முழுமையாகும் வரை எந்த நட்டையும் கைவிரலால் திருகிவிட்டால் போதும். முதல் மூலையையே ஸ்பானர் போட்டு முறுக்கிவிட்டால் கடைசிப் பலகையின் துளை அரை அங்குலம் தள்ளிப்போய் நிற்கும். அப்புறம் 'செட்டே கோணல்' என்று கடைக்காரருக்கு ஒரு ஸ்டார் போடுவது. தகரத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் பூட்டுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் அது பொடிப்பொடியாகத்தான் வரும், பாதி நட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கையுறை கட்டாயம். தகர விளிம்பு பாராங் கத்திக்குச் சளைத்ததல்ல.

'மிச்சமான' கம்பி

செட்டில் நீளமாக ஒரு கம்பி, சிலவற்றில் இரண்டு, இருக்கும். எக்ஸ்ட்ரா சாமான் என்று நினைத்து ஸ்டோர் ரூமில் போட்டுவிடுகிறார்கள். நீளப் பக்கத்துப் பலகை இரண்டையும் குறுக்கே இழுத்துப் பிடிப்பதே அதன் வேலை. எட்டுக்கு நாலடி பெட்டியில் ஒன்றரை அடி உயரம் ஈரமண் நிரம்பினால் எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. கம்பி இல்லாவிட்டால் நல்ல மழை ஒன்றிலேயே பலகை வயிறு தள்ளிவிடும். மண் போட்ட பிறகு கம்பி பூட்டலாம் என்று நினைத்தால், மொத்த மண்ணையும் அள்ள வேண்டியதுதான்.

சும்மா கிடைத்ததைப் போட்டு நிரப்புவது

இதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பெட்டியின் விலையைப் பத்துக் கடையில் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் மண்ணுக்குக் கணக்குப் போடுவதே இல்லை. எட்டடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 48 கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 1,360. நர்சரியில் 25 லிட்டர் பையாக வாங்கினால் 54 பைக்கும் மேலே போகும். பத்துப் பை கொட்டிப் பார்த்து, நாலு விரற்கடைதான் ஏறியிருக்கிறது என்று தெரியும்போதுதான் முகம் மாறும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "எஸ்டேட்ல சும்மா கிடைக்குமே" என்பார்.

எங்கள் வரிசையில் ஒரு தம்பி அப்படித்தான் மாட்டினான். பக்கத்து எஸ்டேட்டில் மறுநடவு நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனையைச் சுமார் 25 வருடத்துக்கு ஒருமுறை சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைப்பார்கள் அல்லவா, அந்தச் சாய்த்த மரத்தின் சீவல். கூடவே ஆலையில் காய் உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக் குலை, அதாவது தண்டான் கோசோங். இரண்டையும் லோரியில் ஏற்றிவந்து இரண்டடி உயரப் பெட்டியில் ஒன்றரை அடிக்கு அமுக்கினான். மேலே அரையடி மண். நான் கேட்டதற்கு, "அடியில மரம் போட்டா அதுவே உரமாயிடும்ணே, வீடியோவுல பார்த்தேன்" என்றான்.

வீடியோவில் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது குளிர்நாட்டுக்காரர் எடுத்தது. அவர் போட்டது கெட்டியான கட்டை, மெதுவாகப் பல வருடம் மட்கும். செம்பனைத் தண்டு நாரும் ஈரமும்தான். நம்மூர்ச் சூட்டிலும் மழையிலும் அது கிடுகிடுவென்று மட்கும்.

முதலில் பயாம் கீரை வெளுத்தது. பச்சை மரச்சீவலை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், அதை மேலே இருக்கும் மண்ணிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிச்சம் கிடைக்காது. நோய் என்று நினைத்து மருந்து அடித்தான். அடுத்து, தீபாவளிக்கு முந்திய அடைமழையில் மண் இறங்கத் தொடங்கியது. பெட்டியின் விளிம்புக்கு ஓரங்குலம் கீழே இருந்த மண் முழங்கை ஆழத்துக்குப் போய்விட்டது. மிளகாய்ச் செடிகள் சாய்ந்தன. அவன் மேலே இன்னும் மண் வாங்கிப் போட்டான், அதுவும் இறங்கியது.

அதுவரைக்கும் நஷ்டம் அவனுடையது மட்டும். ஒருநாள் காய்ந்துபோன மிளகாய்ச் செடி ஒன்றைப் பிடுங்கினான். வேரோடு சேர்ந்து கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளைப் புழு வந்தது. பழுப்புத் தலை, உடம்பை வளைத்துச் சுருண்டு படுத்திருந்தது. சாங்கோலால் (மண்வெட்டியால்) கிளறக் கிளற இன்னும் வந்தன. "மண்புழு மாதிரி இதுவும் நல்லதாண்ணே?" என்று கேட்டான் பாருங்கள்.

அது காண்டாமிருக வண்டின் புழு. மட்கும் செம்பனை மரம்தான் அந்த வண்டு முட்டையிடத் தேடிப்போகும் இடம். புழு உளுத்த நாரைத் தின்று சில மாதத்தில் வண்டாகும். வண்டு தென்னை, செம்பனை இரண்டின் குருத்தையும் குடையும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தென்னையில் புதிதாக விரிந்த மட்டைகள் மடித்துவைத்துக் கத்தரித்த காகிதம் போல முக்கோண முக்கோணமாக வெட்டுப்பட்டு வந்தன. குருத்தின் முனையே போனால் மரமே போய்விடும். நல்லவேளை, அந்த மரம் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆன்ட்டி பேச்சை நிறுத்திவிட்டார்.

எஸ்டேட்டுக்காரர்கள் இந்தச் சங்கதி தெரிந்துதான் வேலை செய்கிறார்கள். சாய்த்த தண்டை மெல்லிசாகச் சீவிப் பரப்பிக் காயவிடுவார்கள், குவித்து வைப்பதில்லை. மேலே கொடிப்பயிர் ஏற்றி மூடுவார்கள். தண்டான் கோசோங்கையும் ஒரே அடுக்காகத்தான் பரப்புவார்கள். நாம் என்ன செய்கிறோம்? அதையே ஒன்றரை அடிக்கு அமுக்கி, மேலே மண் போர்த்தி, ஈரமும் காட்டி, வண்டுக்குத் தொட்டில் கட்டித் தருகிறோம். சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள சரக்கு அது, வீணாக்கச் சொல்லவில்லை. எலுமிச்சை மரத்தடியில் ஒரு சுற்று பரப்பிவிடுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டு, நல்ல மண்ணாக வாங்கி மறுபடி நிரப்பினான். மண்ணுக்கு இரண்டு தடவை காசு, லோரிக்கும் இரண்டு தடவை காசு.

வாங்கும்போதே உயரம் குறைந்த பெட்டியாகப் பார்த்திருந்தால் இந்தப் பாடே இல்லை. கங்கோங், பயாம், சாவி போன்ற கீரைகளுக்கு அரையடி, முக்காலடி மண் தாராளம். மிளகாய், கத்தரி, வெண்டைக்கு ஓரடி. கீழே மண்தரைதான் என்றால் அதைச் சாங்கோலால் ஒரு கொத்து கொத்தி இளக்கிவிட்டு அதன்மேல் ஓரடிப் பெட்டியை வையுங்கள், வேர் தானாக இறங்கிக்கொள்ளும். இரண்டடிப் பெட்டி முட்டிவலிக்காரருக்கும் குனிய முடியாத பெரியவருக்கும்தான். அவர்களும் அடியில் போடுவதென்றால் நன்றாக உலர்ந்த சிறு கிளைகள், சருகு, காய்ந்த புல் என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். அதுவும் இறங்கத்தான் செய்யும், வருடாவருடம் மேலே கொஞ்சம் மட்கு போட வேண்டும்.

என் கலவை இது: பாதி மேல்மண், மூன்றில் ஒரு பங்கு நன்றாக மட்கிய எரு, மீதி உமிக்கரியும் தேங்காய்நார்த் தூளும். நம் மண்ணுக்குப் புளிப்பு அதிகம் என்பதால் டோலமைட் சுண்ணாம்பு கொஞ்சம் தூவி, இரண்டு வாரம் ஆறவிட்டுத்தான் நாற்று வைப்பேன்.

லோரி மண்ணைப் பார்க்காமல் இறக்கச் சொல்வது

காசு கொடுக்கும் முன் ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். களிமண் உருண்டையாக நின்றால் வேண்டாம். விரலிடுக்கில் உதிர்ந்து ஓடினால் பழைய ஈயக்குட்டை மணலாக இருக்கலாம். தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. கோரைக்கிழங்கு ஒன்று கண்ணில் பட்டாலும் லோரியைத் திருப்பி அனுப்புங்கள். லாலாங் புல் வேருக்கும் அதே மரியாதைதான்.

அடியில் கல் பரப்புவது

வடிகாலுக்கு நல்லது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொடிமண்ணில் இருக்கும் தண்ணீர், மண் முழுக்க ஊறித் ததும்பும் வரை கல்லுக்குள் இறங்காது. ஆக, சொதசொதவென்ற பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். கல்லுக்குக் கொடுக்கும் காசுக்கு எரு வாங்குங்கள்.

அடியில் கேன்வாஸ் விரிப்பது

வேண்டாம். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள், அதுவே புல்லை அடக்கிவிட்டு மட்கிப்போகும்.

பச்சைக் கோழிச்சாணம்

வேரைச் சுடும், ஈ மொய்க்கும், அண்டைவீட்டார் சண்டைக்கு வருவார்கள். பதப்படுத்திய குருணை வாங்குங்கள்.

கார் போர்ச்சில் வைப்பது

சிமெண்டுத் தரையில் வைக்கலாம், தப்பில்லை. அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி தண்டம் கட்ட வேண்டி வரும். வடியும் தண்ணீர் லொங்காங் (சாக்கடை) பக்கம் ஓடுகிறதா என்று வெறும் பெட்டியை வைத்து ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டே மண் போடுங்கள். நிரம்பிய பெட்டியை நகர்த்த முடியாது.

வீட்டுச் சுவரோடு ஒட்டி வைப்பது

கரையான் ஏறும், சுவரில் ஓதம் அடிக்கும். ஓரடி இடைவெளி விடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் கை போகும் என்றால் பெட்டியின் அகலமும் இரண்டடியைத் தாண்டக்கூடாது.