இரண்டாம் முறை அழைத்தால் மட்டும் 1054

மூன்று நாளைத் தின்ற பிழை இது. தீர்ந்ததில் பெரிய நிம்மதி. பெங்களூரு ஆபீஸில் பழைய மைஎஸ்க்யூஎல் 5.5 டேட்டாபேஸ். ஸ்டோர்டு புரொசீஜர் (சர்வரிலேயே சேமித்து வைத்து அழைக்கும் நிரல்) மாதத்துக்கேற்ற நெடுவரிசைகளோடு டெம்பரரி டேபிள் கட்டி, எல்லா நெடுவரிசைகளையும் எடுக்கும் 'செலக்ட் ஸ்டார்' போடும். முதல் முறை சரி. அதே கனெக்‌ஷனில் மறுபடி அழைத்தால் 1054, அதாவது 'தெரியாத நெடுவரிசை' என்ற பிழை. கோடில் எங்குமே எழுதாத போன மாத நெடுவரிசையின் பெயர் பிழைச் செய்தியில் நிற்கும்! அதைத்தான் கவனிக்கணும்.

டேபிளை டிராப் செய்து பார்த்தேன், திறந்த டேபிள்களை மூடும் ஃப்ளஷ் டேபிள்ஸும் போட்டேன். பலனில்லை. புது விண்டோவில், அதாவது புது கனெக்‌ஷனில், மட்டும் ஓடியது.

காரணம் இதுதான்: சர்வர் ஸ்டாரை முதல் ஓட்டத்திலேயே நெடுவரிசைப் பெயர்களாக விரித்து, அந்தந்த கனெக்‌ஷனின் கேஷில் வைத்துவிடுகிறது. பூலில் திறந்தே வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் கனெக்‌ஷனை மூடாததால் பழசே ஓடும். செலக்ட்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாராகும்படி பிரிப்பேர், எக்சிக்யூட், டீஅலோகேட் வழியாக மாற்றினேன், சரியானது. 5.6.6 முதல் சர்வரே மாற்றத்தைக் கண்டுகொள்ளும்.