மஞ்சள் ஆறு: நிறத்தைப் பார்த்துத் தரத்தைச் சொல்லாதீர்கள்

சீனாவின் ஹுவாங் ஹோ, அதாவது மஞ்சள் ஆறு, என்றதும் ஆலைக் கழிவில் நிறம் மாறிப்போன ஆறு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முதலில் விட வேண்டியது இந்த நினைப்பைத்தான். பழைய சீன நூல்களில் இது வெறும் 'ஹோ', அதாவது ஆறு. 'மஞ்சள்' என்ற அடைமொழி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹான் அரசர்கள் காலத்திலேயே வந்துவிட்டது. அப்போது ஏது ஆலை?

நிறம் வண்டல் மண்ணுடையது. சிங்காய் மாகாணத்தில் பிறந்து வரும் ஆறு, குயிதே பகுதியில் பச்சை கலந்த தெளிநீராகத்தான் ஓடுகிறது. அதைத் தாண்டி, காற்று கொண்டுவந்து குவித்த மென்மண் நிறைந்த லோயஸ் பீடபூமிக்குள் நுழைந்தபின்தான் மாவு போன்ற மண் மழையில் கரைந்து வந்து சேர்கிறது. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன், கன மீட்டருக்குச் சுமார் 35 கிலோ. இன்று அதில் சிறு பங்குதான் வருகிறது. மலைச்சரிவில் படிவயல் அமைத்தார்கள், மரம் நட்டார்கள், சியாவோலாங்தி போன்ற அணைகள் மண்ணைத் தடுக்கின்றன.

இங்கேதான் அடுத்த தவறு. நிறம் வெளுத்த படத்தைப் போட்டு 'ஆறு சுத்தமாகிவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். மண் குறைந்தது வேறு, மாசு குறைந்தது வேறு. சீனத் தர விதிப்படி, எடுத்த நீரை 30 நிமிடம் அசையாமல் வைத்து, மண் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீரைத்தான் சோதிக்க வேண்டும். கண்ணை உறுத்தும் அந்த மஞ்சள் கணக்கிலேயே வராது. அம்மோனியா, கரைந்த உலோகம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை. 2014 ஏப்ரலில் இந்த ஆற்றங்கரை நகரமான லான்சோவின் குழாய்நீரில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்தது. அதுவும் நிறமற்றதுதான். (அது ஆற்றில் கலந்ததல்ல, நீர் கொண்டுபோகும் வாய்க்காலில் கசிந்தது. இதையும் ஆற்றின் தலையில் கட்டக் கூடாது.)

பெயரில் 'ஹுவாங்' இருப்பதாலேயே குழம்புகிறவர்களும் உண்டு. 2013இல் ஆயிரக்கணக்கில் செத்த பன்றிகள் மிதந்து வந்தது ஷாங்காயின் ஹுவாங்பூ ஆற்றில். அது யாங்சியில் சேரும் வேறு ஆறு.

அப்புறம், பழைய எண்கள். ஆற்றமைப்பில் மூன்றில் ஒரு பங்கு பாசனத்துக்குக்கூட லாயக்கில்லை என்ற செய்தி இன்னமும் சுற்றுகிறது. அது 2007இல் எடுத்த கணக்கு. சீனாவில் நீரை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். முதல் மூன்றும் குடிநீருக்கு எடுக்கத்தக்கவை. 2022இல் ஆற்றின் முதன்மைப் போக்கு முழுவதும் 2ஆம் தரத்தை எட்டியதாக அரசு அறிவித்தது. அதை அப்படியே துணையாறுகளுக்கும் நீட்டிவிடாதீர்கள். நிலக்கரி மாகாணமான ஷான்சியின் ஃபென் ஆறு பல்லாண்டு காலம் சாக்கடையாகவே ஓடியது. எண் எதுவானாலும் எந்த ஆண்டு, முதன்மை ஆறா துணையாறா என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.