ராகிக்கு மாறியும் குறையாத சர்க்கரை: இன்சுலின் எதிர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு லால்பாக்கின் மேற்கு வாயிலில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்த்தால், நடைப்பயிற்சி முடித்து வருகிறவர்கள் முதலில் சாறு விற்கிறவரைச் சூழ்ந்து பாகற்காய்ச் சாறோ அருகம்புல் சாறோ ஒரே மடக்கில் குடிப்பதையும், அடுத்த பத்தாவது நிமிடம் பக்கத்துத் தர்ஷினியில் (நின்றபடியே உண்ணும் சிற்றுண்டிக் கடையில்) கேசரி பாத்தும் காரா பாத்தும் சேர்த்து வைத்த தட்டோடு நிற்பதையும் காணலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஐந்தாறு வருடம் நின்றவன்தான். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த மருத்துவர் ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்று சொன்ன பிறகும் சில மாதங்கள் நின்றேன். கசப்பைக் குடித்தவனுக்கு இனிப்பு உண்ணும் உரிமை வந்துவிடுகிறது என்று ஒரு கணக்கு.

உண்ட மாவுச்சத்து குளுக்கோஸாக இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதன் சொல் கேட்டுத் தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இவை காது மந்தமானவர்களைப் போல நடந்துகொள்ளும் நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் குரலை உயர்த்துவதுபோல இன்னும் அதிகமாகச் சுரந்து பல ஆண்டுகள் ஈடுகட்டிவிடுவதால், அதுவரை வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காகவே இருக்கும். அந்த ஒழுங்கை நம்பிச் சும்மா இருந்துவிடுவதுதான் முதல் தவறு. வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரையிலும், கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையிலும் இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஆனால் எதிர்ப்பு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியிருக்கக்கூடும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டுவது, இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150-க்கு மேல் போவது, கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கறுத்துத் தடிப்பது, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு தெரிவது ஆகியவை சர்க்கரை ஏறும் முன்பே காணக்கூடிய அடையாளங்கள். கழுத்துக் கறுப்பை அழுக்கென்று எண்ணித் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர்.

‘நான் ஒல்லிதானே’ என்பதும் இதே வகைத் தவறு. 2004-ஆம் ஆண்டு லான்செட் இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் தங்கள் இருவரின் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3 என்றே இருந்தது. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக்கருவி சொல்லாததை இடுப்பில் சுற்றும் தையல்காரர் டேப் சொல்லிவிடுகிறது.

இனி நான் அதிகம் பேச விரும்பும் தவறுக்கு வருகிறேன். பெங்களூரில் சர்க்கரை என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டுக்குள் நுழைவது ராகி. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு தினை, சாமை, வரகு ஆகியவையும் கூடவே வந்துவிட்டன. அல்சூரில் இருக்கும் என் அக்காவுக்கு எச்பிஏ1சி 6.2 என்று வந்தவுடன் அரிசி டப்பா பரணுக்குப் போயிற்று. மதியம் ராகிக் களி, இரவு சாமை உப்புமா, காலையில் வெல்லம் கரைத்த ராகிக் கஞ்சி. ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் அதே 6.2. ‘அரிசியே தொடலியேடா தம்பி, இதுக்கு மேல என்னதான் பண்றது?’ என்று கேட்டார். அவர் வீட்டுச் சமையலறைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தோம். ஒரு வேளைக் களிக்கு அவர் எடுத்த மாவு 80 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் மாவுச்சத்து ஏறத்தாழ 67 கிராம். தீட்டிய பச்சரிசியில் 78. ஆக அந்தக் களியில் இருந்தது சுமார் 54 கிராம். முன்பு அவர் உண்டுகொண்டிருந்த ஒரு கிண்ணச் சோறு, அதாவது தண்ணீர் சேர்ந்து வெந்த பிறகு 150 கிராம், தந்தது 42 கிராம் அளவுதான். அரிசியை விட்டதால் மாவுச்சத்து குறையவில்லை, கூடியிருந்தது.

ராகியைக் குறை சொல்லவில்லை. அதில் அரிசியைவிட நார்ச்சத்து பல மடங்கு, சுண்ணாம்புச்சத்தும் மிகுதி. ஆனால் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சும்போது குடலுக்கு வேலையே வைக்காமல் அது சீக்கிரம் செரித்துவிடுகிறது. களியாகவோ முளைகட்டி அடையாகவோ மென்று உண்பதும், டம்ளரில் ஊற்றிக் குடிப்பதும் ஒன்றல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று நடத்தும் இண்டியாப் ஆய்வு 2025-இல் வெளியிட்ட உணவுக் கணக்கின்படி, இந்தியரின் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் அரைத்த கோதுமையையோ சிறுதானிய மாவையோ மாற்றி வைப்பதால் மட்டும் ஆபத்து குறைவதாக அதில் தெரியவில்லை. சப்பாத்திக்கும் இதுவே பதில். இரவில் நான்கு சப்பாத்தி உண்டுவிட்டு ‘டயட்’ என்று சொல்லிக்கொள்வதை நாம் இனியாவது நிறுத்தலாம்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் என்று போவதும் பெயர் மாற்றம்தான். அவற்றிலும் பெரும்பங்கு சர்க்கரையே. பழச்சாறும் அப்படித்தான்: மூன்று ஆரஞ்சை உரித்துத் தின்ன நேரம் ஆகும், பிழிந்தால் ஒரு டம்ளர், ஒரு நிமிடம்.

மாவுச்சத்தைக் குறைக்கத் துணிந்தவர்கள் அடுத்து விழும் பள்ளம், அந்த இடத்தை எதனாலும் நிரப்பாமல் விடுவது. சோற்றை அடியோடு நிறுத்தி மூன்று வாரம் வாடியிருந்து, நான்காம் வாரம் ஒரு கல்யாண வீட்டில் மொத்தமாக ஈடுகட்டியவர்கள் என்னையும் சேர்த்துப் பலர். சோறு பாதியானால் அங்கே பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ பன்னீரோ வர வேண்டும். தட்டின் பாதி காயாக இருக்க வேண்டும், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சேராது. சாம்பார் இருக்கிறதே என்பார்கள். நம் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு இரண்டு ஸ்பூன் தேறினால் பெரிது. பெங்களூர் ஓட்டல் சாம்பாரில் வெல்லமும் கூடவே வருகிறது. இன்னொரு சிறு மாற்றம் செலவில்லாதது: காயையும் புரதத்தையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் உண்டால், அதே உணவுக்கே சர்க்கரை ஏற்றம் தணிகிறது. சாம்பார் சாதத்தில் தொடங்கி மோர் சாதத்தில் முடிக்கும் நமக்கு இது பழகச் சில வாரங்கள் ஆகும்.

உடற்பயிற்சியில் நடக்கும் பெரிய தவறு, அதை எடை குறைக்கும் வழியாக மட்டும் பார்ப்பது. இன்சுலின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. அதிலும் சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளக் கூடியது. அந்தப் பயன் ஒன்றிரண்டு நாட்களில் மங்கத் தொடங்கும். சனி, ஞாயிறு மட்டும் கப்பன் பார்க்கில் பத்துப் பத்துக் கிலோமீட்டர் நடந்துவிட்டு வாரம் முழுதும் சில்க் போர்டு நெரிசலிலும் அலுவலக நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால்தான் எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, கூடவே இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி என்பதே பொதுவான அறிவுரை. தசைப் பயிற்சி என்றதும் ஜிம் என்று மிரள வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, அடுக்குமாடியில் லிஃப்டை விட்டுப் படியேறுவது ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நடை மட்டும் போதும் என்று இருந்துவிடுவது வருத்தம் தருவது, ஏனெனில் அந்த வயதில் கரைந்துகொண்டிருப்பது தசைதான்.

போக்குவரத்து புண்ணியத்தில் நம்மில் பலர் இரவு ஒன்பதரைக்கு உண்டு பத்தரைக்குப் படுக்கிறோம். உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலாவது நடப்பது, காலை நடையைவிட அந்த வேளைச் சர்க்கரைக்கு நேரடியாக உதவுகிறது. தூக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கினாலும் இன்சுலினின் செயல்திறன் குறைகிறது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இத்தனையும் செய்து எடை குறையவில்லை என்று மனம் தளர்ந்து பாதியில் விடுவதும் தவறே. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உணவும் உடற்பயிற்சியும் நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன. அங்கே எடை குறைப்பு ஒரு முக்கிய இலக்கு. சென்னையில் நடந்து 2006-இல் முடிவு வெளியான இந்திய ஆய்விலோ, பங்கேற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையாமலேயே அந்த வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏற்கெனவே நீரிழிவுக்காக இன்சுலின் ஊசியோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தாலோ பதினாறு மணி நேர விரதம் தொடங்கினாலோ சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாமாக எதையும் தொடங்கக் கூடாது. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு எச்பிஏ1சி உண்மை நிலையைச் சரியாகக் காட்டாமல் போகலாம். மருத்துவரிடம் அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பத்து நாளுக்கு ஒருமுறை எச்பிஏ1சி பார்ப்பதில் பணம்தான் போகும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதே பொருள் உள்ளது. அக்காவின் சமையலறையில் களி இன்னும் இருக்கிறது, 40 கிராம் மாவில், முளைக்கீரைப் பொரியலும் கெட்டிப் பருப்பும் ஒரு முட்டையும் பக்கத்தில் வைத்து. வெல்லம் போட்ட கஞ்சி போய்விட்டது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. டேப்பில் இதுவரை மூன்று செ.மீ. குறைந்திருக்கிறது.