குழி தோண்டிப் பாருங்கள்: உதவிப் பணத்துக்கு ஊரில் கணக்குக் கேட்பது எப்படி?

இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ 32 வருஷம் ஆண்டுவிட்டு 1998 மே மாதம் பதவியை விட்டு இறங்கினார். அதே வருஷம் உலக வங்கிக் கடனில் இந்தோனேசியாவின் கெசமத்தான் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரம்தான் கெசமத்தான். சாலை போன்ற வேலைகளை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்துச் செய்யப் பணம் கொடுத்த திட்டம் அது. கிழக்கு ஜாவாவில் அந்த வேலையில் இருந்தபோது அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

ஊர் கூடிப் பேசுவதற்கு அங்கே முஷாவரா என்று பெயர். பழைய ஆட்சியில் ஊர்த் தலைவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பழக்கம் சட்டம் மாறியதும் போய்விடாது. அழைப்பைத் தலைவர் கையில் கொடுத்தால் அவருடைய சொந்தக்காரர்கள்தான் வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள், எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். கூடவே பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு புகார்த் தாளும் போகட்டும். வந்த தாள்களைக் கூட்டத்தில் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அந்தத் திட்டத்தில் பணம் 40, 40, 20 சதவீதமாக மூன்று தவணையில் வந்தது. ஊர்க் கூட்டத்தில் கணக்குச் சொல்லாமல் அடுத்த தவணை கிடைக்காது என்பது விதியாக இருந்தது. இதில் மட்டும் இளகாதீர்கள். மழைக்கு முன்னால் சாலையை முடிக்க வேண்டும் என்று கெஞ்சினார்கள் என்பதற்காக ஒருமுறை கூட்டத்தைத் தள்ளிவைத்தேன். ஜல்லிக்கு ரசீது வந்தது, ஜல்லி வரவில்லை.

ஒரு லாரி மணலுக்கு என்ன விலை கொடுத்ததாகக் கணக்கு சொல்கிறது என்பதை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். கூட்டத்தில் லாரி ஓட்டுபவர் ஒருவர் இருந்தால் போதும், அதைப் பார்த்துச் சிரித்துவிடுவார். கூட்டம் அங்கேதான் உண்மையில் தொடங்கும்.

ஊர் அனுப்பும் இரண்டு கோரிக்கைகளில் ஒன்று பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதியாக இருந்தது. தலைவர் மனைவி எழுதிக்கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பெண்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசட்டும்.

அப்புறம் சாலை. மேலே நடந்து பார்த்தால் எல்லாச் சாலையும் நல்ல சாலைதான். கடப்பாரை, மண்வெட்டி, அளவு நாடாவோடு போங்கள். எங்கே தோண்டுவது என்று ஊர்க்காரர்கள் சொல்லட்டும், ஒப்பந்தக்காரர் காட்டும் இடம் வேண்டாம். கல், ஜல்லி, மணல் என்று ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் எல்லார் முன்னாலும் அளந்து, ரசீதோடு ஒப்பிடுங்கள்.

குழியை அன்றைக்கே மூடிவிடுங்கள். ஒருமுறை மறந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி எனக்குத்தான் வந்தது.