தேய்க்காத தொட்டியில் டெங்கு: வாரம் ஒரு நாள் வேலை

நகரம் விரியும் வேகத்துக்குக் குடிநீர்க் குழாய் விரிவதில்லை. தண்ணீர் எப்போது வருமென்று தெரியாத வீட்டில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பெரும்பாலும் இந்த நல்ல தண்ணீரில்தான். சாக்கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, தவறாமல் அன்றே செய்யுங்கள்.

முதலில் பார்வை. மூடியைத் திறந்ததும் டார்ச் அடித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று போய்விடாதீர்கள். நிழல் பட்டாலே புழுக்கள் அடிக்குப் போய்விடும். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால், மூச்சுவிட நெளிந்துகொண்டு மேலே வரும். கமா வடிவில் உருண்டிருப்பது கூட்டுப்புழு. அது இரண்டொரு நாளில் பறந்துவிடும்.

புழு இருந்தால் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். வீணாக்க மனமில்லையென்றால் நெருக்கமான துணியில் வடிகட்டலாம். பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், தவறு இங்கேதான். முட்டைகள் தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது; மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். எனவே சொரசொரப்பான பிரஷ்ஷால் உட்சுவர் முழுதும், குறிப்பாக நீர்க்கோடு படிந்த இடத்தை, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு இடுக்கில்லாத மூடி, அல்லது கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டுதல். வழிந்தோடும் குழாயின் வாயையும் வலையால் கட்டுங்கள்.

காலி செய்ய முடியாத தொட்டிக்கு, புழுவைக் கொல்லும் மருந்தான 1 சதவீத டெமிபாஸ் குருணை: 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். கொள்ளளவைக் கண்ணால் மதிப்பிட்டுப் போடாதீர்கள், அளந்து போடுங்கள். கூட்டுப்புழு எதுவும் தின்னாது என்பதால் இந்த மருந்து அதைக் கொல்லாது.

கட்டடம் எழும் இடங்களில் லிப்ட் குழி, கான்கிரீட் இறுகுவதற்காகத் தளத்தில் தேக்கும் கியூரிங் தண்ணீர், தார்ப்பாய் மடிப்பு மூன்றையும் பாருங்கள். குழி நீரை மோட்டாரால் இறைத்துவிடலாம். பழைய டயரைக் கவிழ்த்தாலும் உள்வளைவில் தண்ணீர் தங்கும். கூரைக்கடியில் வைப்பதே மேல்.

புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தேய்க்காத தொட்டி இருந்தால் அடுத்த வாரமே புதுக் கூட்டம் கிளம்பும்.